அமெரிக்க மாப்ள கல்யாணம், தாலி கட்டுனதுல இருந்து கிரீன் கார்டு வரைக்கும்: ஒரு திருச்சி பொண்ணோட முழு கேஸ்

அமெரிக்க சிட்டிசன் மாப்ளைய கட்டிக்கிட்டு வர்ற பொண்ணோட இமிக்ரேஷன் ஃபைல் பெரும்பாலான வீட்ல மாப்ளையோட லேப்டாப்புல தான் இருக்கும். பொண்ணுக்கு ரசீது நம்பர் கூட தெரியாது. அவர் பாத்துக்குவாருனு விட்டுடுவாங்க. நான் டல்லாஸ் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன், புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு ஃபார்ம் நிரப்ப, பேப்பர் அடுக்க கூட உக்காந்து உதவி பண்றது உண்டு. வக்கீல் கிடையாது, சிக்கலான கேஸா இருந்தா நேரா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட தான் போகச் சொல்லுவேன். இப்ப எழுதுறது என் ஒண்ணுவிட்ட அண்ணன் பொண்ணோட கேஸ், அவளும் மாப்ளையும் சரினு சொன்ன பிறகு தான் எழுதுறேன். இதுல யாரும் கெட்டவங்க இல்ல, நல்ல குடும்பம், நல்ல மாப்ள. அப்படி இருந்தும் ஃபைல் பொண்ணு கையில இல்லாததால என்னென்ன ஆச்சுங்கறது தான் விஷயம்.

கல்யாணம் 2022 பிப்ரவரி, தை மாச முகூர்த்தம். கொரோனா மூணாவது அலை கட்டுப்பாடு இருந்த நேரம், கல்யாணத்துக்கு நூறு பேருக்கு மேல கூடாது. பொண்ணு திருச்சியில பி.ஃபார்ம் முடிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசியில வேலை பாத்துக்கிட்டு இருந்தா, மாப்ளைக்கு டல்லாஸ் பக்கத்துல இருக்கற பிரிஸ்கோவுல ஐ.டி. வேலை, அமெரிக்க சிட்டிசன். லீவு மூணே வாரம். அதுக்குள்ள கல்யாணம், குலதெய்வம் கோவில், மறுவீடு எல்லாம் முடிச்சு ரிஜிஸ்டரும் பண்ணணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி கல்யாணத்த 90 நாளுக்குள்ள பதிவு பண்ணியாகணும், அது ஒரு பக்கம். மாப்ள பிளைட் ஏறிட்டா அதுக்கப்புறம் ரெண்டு பேரையும் ஒண்ணா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல எப்படி நிறுத்துறது, அது தான் பெரிய கவலை. அண்ணன் விவரமான ஆளு, ரிசப்ஷன் முடிஞ்ச நாலாவது நாளே முடிச்சுட்டாரு. அமெரிக்காவுக்கு இந்த சர்டிபிகேட் தான் வேணும், மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் கூடச் சேர்த்து வைக்கலாம், அவ்ளோதான்.

மாப்ள திரும்பி வந்ததும் ஐ-130 போட்டாரு. அது தான் முதல் பெட்டிஷன், இவங்க என் மனைவின்னு சிட்டிசன் போடுறது. அப்ப ஃபீஸ் 535 டாலர், இப்ப ஆன்லைன்ல போட்டா 625, பேப்பர்ல போட்டா 675. இது ஏரேஞ்ச்ட் மேரேஜ், கல்யாணத்துக்கு முன்னாடி நேர்ல பாத்தது கம்மி, நம்புவாங்களானு எல்லாரும் பயந்தாங்க. நம்ம ஊரு கல்யாணம் எப்படி நடக்கும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும், அதனால பயப்பட வேண்டியதில்ல. நிச்சயதார்த்த போட்டோ, ரெண்டு வீட்டு ஆளுங்களும் சேர்ந்து நிக்கற போட்டோ, பத்திரிகை, மாப்ள வந்து போன டிக்கெட், அப்புறம் மாசத்துக்கு ரெண்டு மூணு பக்கம் வாட்ஸ்அப் சாட், கால் லிஸ்ட், இவ்ளோ போதும். ஆயிரம் பக்கம் பிரிண்ட் எடுத்து அனுப்புறவங்க இருக்காங்க, அத யாரும் உக்காந்து படிக்கப் போறதில்ல.

அதுக்கப்புறம் காத்திருப்பு. ஒரு வருஷத்துக்கு மேல. பி-2 டூரிஸ்ட் விசால போய் இருந்துட்டு வரலாமேனு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, ஆனா ஐ-130 நிலுவைல இருக்கறப்போ நான் திரும்பி வந்துடுவேன்னு ஆபீசர நம்ப வைக்கறது ரொம்ப கஷ்டம், நான் வேணாம்னு சொல்லிட்டேன். கல்யாணம் ஆன பொண்ணு அப்பா வீட்லயே இருந்தா நம்ம ஊர்ல என்ன கேப்பாங்கனு சொல்லவே வேணாம். பால்காரர்ல இருந்து பக்கத்து வீடு வரைக்கும் இன்னும் போகலயாம்மா, விசா வரலயாம்மா. அவ வேலைய விடாம போய்க்கிட்டு இருந்தா, அது ஒண்ணு தான் அவள அந்த வருஷம் காப்பாத்துச்சு. எந்த நிமிஷமும் விசா வந்துடும்னு நினைச்சு வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்த பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க.

இந்த நேரத்துல தான் பேரு பிரச்சனை வந்துச்சு. இது தமிழ் ஆளுங்களுக்குனே உள்ள பிரச்சனை, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நமக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல் தான். அவ காலேஜ் படிக்கறப்போ எடுத்த பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல அவ பேரு மட்டும் இருந்துச்சு, சர்நேம் காலி. இப்படி ஒத்த பேரு பாஸ்போர்ட்ல இருந்தா அமெரிக்க விசால அந்தப் பேர தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, முதல் பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்.என்.யூ-னு அடிச்சுடுவாங்க, முதல் பேர் தெரியாதுனு அர்த்தம். அது அப்படியே கிரீன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ்னு போற இடமெல்லாம் தொத்திக்கிட்டு வரும். டாக்டர் ஆபீஸ்ல எஃப்.என்.யூ-வ பேரா நினைச்சு சத்தமா கூப்பிடுவாங்க, நாலு எடத்துல நாலு விதமா பதிஞ்சு கிடக்கும், அத சரி பண்ணவே வருஷக் கணக்கா அலையறவங்க இருக்காங்க.

அதனால இமிக்ரன்ட் விசாவுக்கு ஆன்லைன்ல நிரப்புற டி.எஸ்-260 ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ட ரீ-இஷ்யூ பண்ணி சர்நேம் போட்டுடுனு சொன்னேன். அடுத்த கேள்வி, என்ன சர்நேம். மாமியார் வீட்ல புருஷன் பேரு தான் போடணும்னாங்க, அண்ணனும் சரி அப்படியே போடலாம்னுட்டாரு. அவ எனக்கு தனியா போன் பண்ணி என்ன அத்தை பண்றதுனு கேட்டா. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், உன் டென்த் மார்க் ஷீட்லயும் டிகிரிலயும் என்ன இருக்கு? அப்பாவோட பேரு தான் விரிவா இருக்கு. அப்ப அதையே போடு, நாளைக்கு உன் படிப்ப வச்சு அங்க வேலை தேடறப்போ ரெண்டும் ஒண்ணா இருக்கணும். அவளே பேசி எல்லாரையும் சம்மதிக்க வச்சா. புருஷன் பேரு போடுறது தப்புனு சொல்ல வரல, சர்டிபிகேட் எல்லாத்தோடயும் ஒத்துப் போற பேரு தான் நிம்மதி, அவ்ளோதான் என் எண்ணம். பர்த் சர்டிபிகேட்ல பேரே இல்லாம ஆண் பெண்னு மட்டும் போட்டிருக்கறது நம்ம பக்கம் சகஜம், இவளுக்கும் அதே கதை தான், முனிசிபாலிட்டில பேரு சேத்து புதுசா வாங்குனாங்க. இதெல்லாம் ஐ-130 நிலுவைல இருக்கற காலத்துலயே முடிச்சு வைக்கணும், கடைசி நேரத்துல முடியாது.

2023 ஏப்ரல்ல ஐ-130 அப்ரூவ் ஆச்சு, ஃபைல் நேஷனல் விசா சென்டருக்கு போச்சு, இன்டர்வியூக்கு முன்னாடி ஃபீஸும் பேப்பரும் வாங்கி சரிபார்க்கற இடம் அது. அங்க 325 டாலரும் 120 டாலரும் கட்டணும், டி.எஸ்-260 நிரப்பணும், போலீஸ் கிளியரன்ஸ் மாதிரி பேப்பர் எல்லாம் அப்லோட் பண்ணணும். போலீஸ் கிளியரன்ஸுக்கு பாஸ்போர்ட் ஆபீஸ்ல அப்ளை பண்ணி, ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க. அப்புறம் ஐ-864, இது தான் ரொம்ப முக்கியம். என் மனைவிய நான் காப்பாத்துவேன், அரசாங்கத்துக்கு பாரமா விட மாட்டேன்னு மாப்ள எழுதிக் குடுக்கற ஒப்பந்தம். வறுமைக் கோட்டு அளவுக்கு 125 சதவீதமாவது வருமானம் காட்டணும், 2023 கணக்குப்படி ரெண்டு பேரு குடும்பத்துக்கு 24,650 டாலர். மாப்ளைக்கு அது ஒரு விஷயமே இல்ல, 2022 டாக்ஸ் ரிட்டர்ன் போட்டாரு, ஓகே ஆயிடுச்சு. அந்த சென்டர்ல இருந்து வர்ற மெயில் எல்லாம் மாப்ளையோட ஐடிக்கு தான், பொண்ணோட மெயில் கேட்ட இடத்துலயும் அவர் ஐடியவே குடுத்திருந்தாரு. டி.எஸ்-260 கூட அவரே இவகிட்ட போன்ல கேட்டு கேட்டு நிரப்பிட்டாரு, சப்மிட் பண்ணதுக்கு அப்புறம் ஒரு காப்பி கூட இவகிட்ட இல்ல.

நவம்பர்ல மும்பைல இன்டர்வியூ. அதுக்கு முன்னாடி சென்னைல மெடிக்கல், நெஞ்சு எக்ஸ்-ரே, தடுப்பூசி எல்லாம். அண்ணனும் கூட மும்பை போனாரு. கவுன்ட்டர்ல ஆபீசரம்மா சிரிச்சுக்கிட்டே தான் ஆரம்பிச்சாங்களாம், எப்ப கல்யாணம், எத்தன பேரு வந்தாங்க, அவருக்கு என்ன சாப்பாடு புடிக்கும். அடுத்து கணவர் எங்க வேலை பாக்கறாருனு கேட்டாங்க. இவ கம்பெனி பேர சொன்னா. எப்பல இருந்து? நாலஞ்சு வருஷமா. ஆபீசர் ஸ்கிரீன பாத்துட்டு, அவர் அப்லோட் பண்ண புது லெட்டர்ல வேற கம்பெனி இருக்கே, போன மாசம் தான் சேந்திருக்காரேனு கேட்டாங்க. இவளுக்கு ஒண்ணும் புரியல. விஷயம் என்னன்னா 2023 லே-ஆஃப்ல மாப்ளைக்கு வேலை போயிருக்கு, சில மாசம் வேலை இல்லாம இருந்து புது வேலைல சேந்திருக்காரு, ஊர்ல இருக்கறவ கவலப்படுவானு சொல்லவே இல்ல. நல்ல எண்ணத்துல தான். ஆனா அந்தக் கவுன்ட்டர்ல புருஷன் வேலை என்னன்னே தெரியாத பொண்டாட்டியா நின்னது அவ.

221(ஜி) ஸ்லிப் குடுத்தாங்க. ரிஜெக்ட் இல்ல, இன்னும் பேப்பர் வேணும்னு நிறுத்தி வைக்கறது. புது சம்பள ஸ்லிப், கூடவே ஒரு ஜாயின்ட் ஸ்பான்சர், அதாவது மாப்ளையோட சேர்ந்து இன்னொருத்தரும் ஐ-864 பொறுப்பு ஏத்துக்கணும்னு எழுதியிருந்துச்சு. வெளிய வந்ததும் எனக்கு போன், "அத்தை, அவருக்கு வேலை போனதே எனக்குத் தெரியாது அத்தை, நான் பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பாங்க"னு அழுகை. பேப்பர் குடுத்தா சரியாயிடும்மானு நான் சொன்னேன், அது உண்மை தான், மாப்ளையோட அண்ணன் ஜாயின்ட் ஸ்பான்சரா கையெழுத்துப் போட்டாரு, டிசம்பர்ல விசா வந்துடுச்சு. ஆனா அன்னிக்கு சாயங்காலமே மாப்ளைக்கு போன் பண்ணி, தம்பி, டி.எஸ்-260, ஐ-130, ஐ-864 மூணுத்துக்கும் காப்பி இன்னிக்கு ராத்திரியே அவ மெயிலுக்கு போகணும், போர்ட்டல் லாகினும் அவகிட்ட இருக்கணும்னு கொஞ்சம் கோவமாவே சொன்னேன். அவர் ஒரு வார்த்த எதிர்த்து பேசல, அனுப்பிட்டாரு.

அந்த ஐ-864-ல பொண்ணுங்களும் பொண்ணப் பெத்தவங்களும் தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்த ஒப்பந்தம் டைவர்ஸ் ஆனாலும் முடியாது. அவ சிட்டிசன் ஆனாலோ, ஏறக்குறைய பத்து வருஷ வேலைக்கு சமமான 40 குவார்ட்டர் கணக்குல ஏறினாலோ, நாட்ட விட்டே நிரந்தரமா போயிட்டாலோ, இல்ல யாராவது செத்துப் போனாலோ தான் முடியும். கையெழுத்துப் போட்ட மாப்ளைங்க நிறைய பேருக்கே இது தெரியாது.

அடுத்தது தேதி. விசால சி.ஆர்-1-னு இருந்துச்சு. அமெரிக்காவுக்குள்ள நுழையற அன்னிக்கு கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலைனா ரெண்டு வருஷ கண்டிஷனல் கிரீன் கார்டு தான், ஆயிருந்தா பத்து வருஷ கார்டு. இங்க கணக்கு நுழையற நாள் தான், விசா அடிச்ச நாள் இல்ல. இவங்களுக்கு ரெண்டு வருஷம் முடியறது 2024 பிப்ரவரில. விசா அதத் தாண்டியும் செல்லும். பொங்கல் முடிஞ்சு ஜனவரிலயே வராம இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வந்து, ஏர்போர்ட்ல மேரேஜ் சர்டிபிகேட்ட காட்டி பத்து வருஷ கார்டு வர்ற ஐ.ஆர்-1-ஆ மாத்திக் குடுங்கனு கேட்டா, பின்னாடி கண்டிஷன எடுக்கறதுக்குனு ஒரு பெரிய ஃபைல் போட வேண்டியதே இல்ல. நான் சொன்னேன். "ரெண்டு வருஷம் தனியா இருந்துட்டோம் அத்தை, இனிமே ஒரு வாரம் கூட முடியாது"னா. அதுக்கு மேல நான் பேசல. அவ வாழ்க்க, அவ முடிவு, தெரிஞ்சு எடுத்த முடிவு. ஆனா உங்க தேதி இப்படி ரெண்டு வருஷத்த ஒட்டி வந்துச்சுனா உக்காந்து யோசிச்சுட்டு டிக்கெட் போடுங்க.

2024 ஜனவரில வந்தா. டி.எஸ்-260-லயே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேட்டு டிக் பண்ணதால அந்த கார்டு தானா தபால்ல வந்துச்சு. கிரீன் கார்டுக்கு 220 டாலர் முன்னாடியே கட்டியாச்சு, இப்ப அது 235. எச்-1பி வேலை விசால இருக்கற புருஷனோட எச்-4-ல வர்ற பொண்ணுங்க மாதிரி வேலைக்கு தனியா பர்மிட் வாங்க வேண்டியதில்ல, இறங்குன நாள்ல இருந்தே வேலை பாக்கலாம். சட்டப்படி எல்லாம் இருக்கு. ஆனா பிரிஸ்கோவுல பஸ்ஸும் இல்ல ரயிலும் இல்ல, டல்லாஸ் டார்ட் ரயில் அந்த ஊருக்கு வர்றதே இல்ல. அவர் காலைல கார எடுத்துட்டு போனா சாயங்காலம் வரைக்கும் அபார்ட்மென்ட் தான். திருச்சில சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசல்ல ஸ்கூட்டி ஓட்டி சம்பாதிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு, இங்க நாப்கின் வாங்கக் கூட புருஷனுக்கு மெசேஜ் போட்டு காத்திருக்கணும். அவர் எது கேட்டாலும் வாங்கித் தருவாரு, ஒரு நாள் கூட மூஞ்சி சுளிச்சதில்ல. இருந்தாலும் கேட்டு வாங்கறது கேட்டு வாங்கறது தான்னு அவ சொன்னப்போ எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு.

அப்ப தான் ஐ-751-க்கு, அதாவது கிரீன் கார்டுல இருக்கற கண்டிஷன எடுக்கச் சொல்லி போடுற ஃபார்முக்கு, என்னென்ன வேணும்ங்கற லிஸ்ட்ட ரெண்டு பேரையும் உக்கார வச்சு காட்டுனேன். கண்டிஷனல் கார்டு முடியறதுக்கு முன்னாடி கடைசி 90 நாளுக்குள்ள போடணும் அது, உண்மையா சேர்ந்து வாழறோம்னு காட்ட ஜாயின்ட் பேங்க் அக்கவுன்ட், வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேரு பேரும், கார் இன்சூரன்ஸ், சேர்ந்து போட்ட டாக்ஸ் ரிட்டர்ன், ஆபீஸ் இன்சூரன்ஸ்ல நாமினி, இதெல்லாம் தான் கேப்பாங்க. நல்லா பாருங்க, அரசாங்கம் ஆதாரம்னு கேக்கற ஒவ்வொண்ணும் அந்தப் பொண்ணுக்கு இந்த நாட்டுல நிக்கறதுக்கு ஒரு புடிமானம். வாடகை ஒப்பந்தத்துல பேரு இல்லைனா ஆபீசருக்கு காட்டவும் ஒண்ணும் இல்ல, அவளுக்குனு சொல்லிக்கவும் ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு கடைசி மாசத்துல ஓடி ஓடி பேரு சேக்கறவங்க தான் அதிகம். வந்த முதல் மாசமே சேத்துடுங்க. மாப்ள அந்த வாரமே அவள பேங்குக்கு கூட்டிட்டுப் போயி அக்கவுன்ட்ட ஜாயின்ட்டா மாத்துனாரு, அபார்ட்மென்ட் ஆபீஸ்ல பேரு சேத்தாரு, அவ பேர்ல டெபாசிட் கட்டி ஒரு சின்ன கிரெடிட் கார்டும் எடுத்தாங்க, கிரெடிட் ஹிஸ்டரி அவளுக்கு தனியா வளரணுமே.

லைசென்ஸ் தான் அடுத்தது. டெக்சாஸ்ல எழுத்துத் தேர்வு 30 கேள்வி, 21 சரியா இருந்தா பாஸ், அது சுலபமா முடிஞ்சுது. ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து போனா சண்ட தான் வரும், காசு குடுத்து ஒரு இன்ஸ்ட்ரக்டரம்மாவ வச்சுக்கோனு சொன்னேன். வலது பக்கம் ஓட்டறது கூட பழகிடுச்சு, நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருக்கற சந்திப்பு தான் அவளுக்கு பெரிய பயம். யாரு முதல்ல வந்து நின்னாங்களோ அவங்க முதல்ல போகணும், ஹாரனும் இல்ல, கைகாட்டவும் ஆள் இல்ல, இவ தன் முறை வந்தாலும் போகாம எல்லாரையும் போக விட்டுட்டு நிப்பா, பின்னாடி வரிசை கட்டும். பேரலல் பார்க்கிங்ல ஒரு தடவ ஃபெயில், அடுத்த தடவ பாஸ். லைசென்ஸ் கைக்கு வந்த அன்னிக்கு சாயங்காலமே தனியா கார்ய சித்தி ஹனுமான் கோவிலுக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்து எனக்கு போன் பண்ணா, குரலே வேற மாதிரி இருந்துச்சு.

படிப்பு விஷயம் தான் எனக்கு இன்னும் மனசு ஆறல. 2003-க்கு அப்புறம் படிச்சு முடிச்சவங்க வெளிநாட்டு ஃபார்மசி டிகிரிய வச்சு இங்க ஃபார்மசிஸ்ட் பரீட்சை எழுதணும்னா அஞ்சு வருஷ படிப்பு இருக்கணும். நம்ம பி.ஃபார்ம் நாலு வருஷம். எழுதவே முடியாது. நம்ம ஊரு ஃபார்ம்.டி படிச்சவங்களுக்கு வழி இருக்கு, பி.ஃபார்ம் மட்டும் படிச்சவங்களுக்கு இல்ல. இது அவளுக்கு இங்க வந்த பிறகு தான் தெரிஞ்சுது. அந்த ரெண்டு வருஷ காத்திருப்புல தெரிஞ்சிருந்தா வேற ஏதாவது படிச்சிருப்பா. விசா, நகை, மண்டபம்னு அத்தன பேசுற வீட்ல பொண்ணு டிகிரி அந்த ஊர்ல செல்லுமானு ஒருத்தர் கேட்டுப் பாக்கல. ரொம்ப உடைஞ்சு போயிட்டா. அப்புறம் டெக்சாஸ் ஃபார்மசி போர்டுல டெக்னீஷியன் ட்ரெய்னியா பதிஞ்சு ஒரு கடைல சேந்தா. பாராசிட்டமால்னா இங்க யாருக்கும் தெரியாது, அசிட்டமினோஃபென்னு தான் சொல்லணும், சால்பூட்டமால் இங்க ஆல்பூட்ரால், இதெல்லாம் பழகி டெக்னீஷியன் சர்டிபிகேட் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டா. சம்பளம் பெருசில்ல, ஆனா அவ பேர்ல டபிள்யூ-2 வருது, வருஷ சம்பளத்தையும் புடிச்ச டாக்ஸையும் காட்டுற பேப்பர் அது. அடுத்து என்ன படிக்கறதுனு காலேஜ் காலேஜா பாத்துக்கிட்டு இருக்கா.

2025 அக்டோபர்ல ஐ-751 போட்டாங்க, ஃபீஸ் 750 டாலர். இந்த தடவ ஃபார்ம் நிரப்புனது அவ தான். இதுல புருஷனும் சேர்ந்து கையெழுத்துப் போடணும், அத வச்சு தான் சில வீட்ல மிரட்டல் நடக்குது. கோவில்ல பழக்கமான ஒரு பொண்ணோட கிரீன் கார்டையும் பாஸ்போர்ட்டையும் புருஷன் பூட்டி வச்சிருந்தான், நான் நினைச்சா உன்ன திருப்பி அனுப்பிடுவேன்னு சொல்லியே மூணு வருஷம் ஓட்டியிருக்கான். கேளுங்கம்மா, இமிக்ரன்ட் விசால உள்ள வந்த பிறகு புருஷன் ஒரு லெட்டர் போட்டு கிரீன் கார்ட கேன்சல் பண்ண முடியாது. அது உங்க கார்டு, தொலைஞ்சாலோ புடுங்கி வச்சாலோ ஐ-90 போட்டு நீங்களே வேற வாங்கலாம். உண்மையா கட்டி வாழ்ந்து டைவர்ஸ் ஆயிருந்தாலும், அடி உதை சித்திரவதை இருந்தாலும், ஐ-751-அ அவன் கையெழுத்து இல்லாம தனியா போட வழி இருக்கு, அதுக்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. வீட்ல அடி இருந்தா அமெரிக்காவோட தேசிய குடும்ப வன்முறை ஹெல்ப்லைன் 1-800-799-7233-க்கு கூப்பிடுங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம். நியூ ஜெர்சி பக்கம் மானவி 1985-ல இருந்து நம்ம தெற்காசிய பொண்ணுங்களுக்காகவே இருக்கற அமைப்பு.

இவ கேஸ் இப்ப நிலுவைல இருக்கு. ரசீது லெட்டர் வந்துடுச்சு, கார்டு தேதி முடிஞ்சாலும் அந்த லெட்டர் 48 மாசத்துக்கு நீட்டிச்சுக் குடுக்குது. சிட்டிசன் கூட சேர்ந்து வாழற கணக்குல மூணு வருஷம் 2027 ஜனவரில முடியும், அதுக்கு 90 நாள் முன்னாடி, அதாவது 2026 அக்டோபர்ல சிட்டிசன்ஷிப்புக்கு போடலாம், விருப்பம் இருந்தா. இந்திய பாஸ்போர்ட்ட விடணுமேனு அவ இன்னும் யோசனைல இருக்கா.

அதுக்கு முன்னாடி தம்பி கல்யாணத்துக்கு திருச்சி போறா. இந்த நெலமைல ஊருக்குப் போறவங்க எல்லாரும் தேதி முடிஞ்ச கார்டோட அந்த 48 மாச லெட்டரோட ஒரிஜினலையும் எடுத்துக்கிட்டு போங்க, ஜெராக்ஸ நம்பி போகாதீங்க, செக்-இன் பெட்டியில போட்டுடாதீங்க. திரும்பி வர்றப்போ சென்னை கவுன்ட்டர்ல கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சேனு தான் முதல்ல சொல்லுவாங்க, லெட்டர்ல இருக்கற நீட்டிப்பு வரிய விரல வச்சு காட்டி, சூப்பர்வைசர கூப்பிடுங்கனு பொறுமையா கேளுங்க, அதுக்காகவே ஏர்போர்ட்டுக்கு கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்க.